மாடி இருக்கையிலிருந்து பார்த்த ஹாலிவுட்: ஓர் இணையவழிப் படிப்பு பற்றிய மதிப்புரை

முதல் வகுப்பில் திரைப்படம் எதையும் காட்டவில்லை. ஒரே ஒரு புகைப்படத்தைத் திரையில் நிறுத்திவிட்டு, அதில் என்னென்ன தெரிகிறது என்று ஒவ்வொருவரையும் சொல்லச் சொன்னார் பேராசிரியர். 1939 அக்டோபரில், மிசிசிப்பி மாநிலத்தின் பெல்சோனி என்ற சிற்றூரில், அரசின் வேளாண் பாதுகாப்பு நிர்வாகத்துக்காக மரியன் போஸ்ட் வோல்காட் எடுத்த படம் அது. வெயில் விழும் ஒரு திரையரங்கின் பக்கச்சுவர், அதன்மேல் கறுப்பினத்தவருக்கான மாடி இருக்கைகளுக்கு வெளிப்புறமாக ஏறும் படிக்கட்டு, அதில் தனியாக ஏறிச் செல்லும் ஒரு கறுப்பின மனிதர், சுவரில் கறுப்பினத்தவருக்கு நுழைவுக் கட்டணம் பத்து சென்ட் என்ற அறிவிப்பு, படிக்கட்டுக்குக் கீழே வெள்ளை ஆண்களுக்கு மட்டும் என்று எழுதிய ஒரு கதவு. ஏறத்தாழ இருபது நிமிடம் நாங்கள் அந்தச் சுவரைத்தான் படித்துக்கொண்டிருந்தோம். பிறகு அவர் கேட்டார்: உள்ளே ஓடும் படம் எதுவாக இருந்தாலும், இந்தப் படிக்கட்டில் ஏறியவரும் முன்வாசல் வழியாக நுழைந்தவரும் ஒரே படத்தைத்தான் பார்த்தார்களா?

பழைய ஹாலிவுட் படங்கள் வழியே அமெரிக்கச் சமூகத்தைப் படிக்கும், பன்னிரண்டு வாரம் நீடித்த அந்தப் படிப்பின் முழுச் சாரமும் அந்தக் கேள்வியில் இருந்தது. படிப்பு எங்கெல்லாம் அந்தக் கேள்வியை விடாமல் பிடித்துக்கொண்டதோ அங்கெல்லாம் கொடுத்த காசுக்கு மேலேயே கிடைத்தது. அதைக் கைவிட்ட இரண்டு மூன்று வாரங்களில் சாதாரணப் பாடப்புத்தகத்தின் தரத்துக்கு இறங்கிவிட்டது. இந்த மதிப்புரையில் குறைகளையும் விரிவாகச் சொல்லப்போவதால் நடத்திய நிறுவனத்தின் பெயரைத் தவிர்க்கிறேன். அமெரிக்காவின் கிழக்குக் கரையில் உள்ள ஒரு பல்கலைக்கழகத்தின் தொடர்கல்விப் பிரிவு என்ற அளவில் தெரிந்தால் போதும். இதே முறையில், இதே விலையில் வகுப்பு நடத்தும் இடங்கள் வேறு பலவும் இருப்பதால், சேர நினைப்பவர்கள் எதையெல்லாம் விசாரித்துக்கொள்ள வேண்டும் என்பதற்கு இது பயன்படலாம்.

நடைமுறை விவரங்களை முதலில் சொல்லிவிடுகிறேன். கட்டணம் 325 டாலர். வங்கி பிடித்துக்கொண்டதையும் சேர்த்தால் ரூ. 28,000-ஐத் தாண்டியது. செப்டம்பரில் தொடங்கி டிசம்பரில் முடிந்தது. வாரம் ஒரு படத்தை நாமே பார்த்துவிட வேண்டும். வியாழக்கிழமை இரவு ஏழு மணிக்கு ஒன்றரை மணி நேர நேரடி வகுப்பு. அவர்களுடைய இரவு ஏழு மணி நமக்கு வெள்ளிக்கிழமை அதிகாலை நாலரை. நவம்பர் தொடக்கத்தில் அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளியபோது அது ஐந்தரையாக மாறியது. அந்த மாற்றத்தைப் பற்றி வெளிநாட்டு மாணவர்களுக்கு யாரும் ஒரு வரிகூட எழுதவில்லை என்பதால், அந்த வாரம் நாலரைக்கே காபியோடு உட்கார்ந்து வெறும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வகுப்பின் பதிவு மறுநாளே கிடைத்துவிடும் என்றாலும், நேரில் இருந்தால்தான் இந்தப் படிப்புக்கு மதிப்பு.

பெரிய குறை படங்களைப் பற்றியது. எல்லாப் படங்களையும் கட்டணத்துக்குள்ளேயே இணையத்தில் பார்க்கலாம் என்று சேர்க்கைப் பக்கத்தில் தெளிவாக எழுதியிருந்தார்கள். சேர்ந்த பிறகு பார்த்தால், பன்னிரண்டில் ஏழு படங்கள் உங்கள் நாட்டில் கிடைக்காது என்ற அறிவிப்புதான் வந்தது. உரிமை நாட்டுக்கு நாடு வேறுபடும் என்பது புரியாத விஷயமில்லை. ஆனால் அதை முன்கூட்டியே சொல்லும் பொறுப்பு விற்பவருடையது. மூன்று மின்னஞ்சல்களுக்குப் பிறகு, மன்னிப்போடு கட்டணத்தில் பத்தில் ஒரு பங்கைத் திருப்பிக் கொடுத்தார்கள். பதிப்புரிமை காலாவதியான படங்களை இணையத்தில் எளிதாகப் பார்த்துவிட்டேன். மற்றவற்றுக்கு டிவிடிகளை விலைக்கு வாங்கவும் நண்பர்களிடம் இரவல் கேட்கவும் நேர்ந்தது. அந்தச் செலவையும் சேர்த்தே விலையைக் கணக்கிட வேண்டும்.

இரண்டாம் வாரப் பாடம் 1915-இல் வெளிவந்த, இயக்குநர் கிரிஃபித்தின் 'தி பர்த் ஆஃப் எ நேஷன்'. திரைமொழியின் வரலாற்றில் தவிர்க்க முடியாத படம், கறுப்பின மக்களை இழிவுபடுத்தி கு க்ளக்ஸ் க்ளான் என்ற வெள்ளை இனவெறி அமைப்பினரைக் காவியநாயகர்களாக்கிய படம் என்ற இரண்டு வாக்கியங்களையும் அருகருகே எழுதிவிட்டு நகர்ந்துவிடுவது பலரின் வழக்கம். இங்கே அப்படிச் செய்யவில்லை. படம் வெளியான அதே ஆண்டின் இறுதியில் ஜார்ஜியாவின் ஸ்டோன் மவுண்டனில் க்ளான் மறுபடி உயிர்பெற்றதையும், கறுப்பின மக்களின் முன்னேற்றத்துக்கான தேசியச் சங்கம் நகரம் நகரமாகப் படத்தை எதிர்த்ததையும், திரைப்படம் ஒரு வியாபாரமே, அதற்குப் பேச்சுரிமைப் பாதுகாப்பு கிடையாது என்று உச்ச நீதிமன்றம் அதே 1915-இல் தீர்ப்பளித்ததையும் ஒன்றாக வைத்துப் பேசினார்கள். அந்தத் தீர்ப்பு 1952 வரை நின்றது. அதாவது, நாம் இன்று செவ்வியல் என்று சொல்லும் ஹாலிவுட் படங்களில் பெரும்பாலானவை, அரசியல் சட்டத்தின் பாதுகாப்பு இல்லாத ஒரு சரக்காகத்தான் தயாரிக்கப்பட்டன. வெள்ளை மாளிகையில் படத்தைப் பார்த்த அதிபர் வில்சன், அதை மின்னலால் எழுதிய வரலாறு என்று புகழ்ந்ததாக எல்லோரும் எழுதும் வாசகத்துக்கு நம்பகமான சான்று இல்லை என்பதையும் பேராசிரியர் நிதானமாக எடுத்துச் சொன்னார். நானே அதைப் பலமுறை மேற்கோள் காட்டியிருப்பதால் சற்றுக் கூச்சமாக இருந்தது.

அதற்கு எதிரில் வைத்த படம், ஆஸ்கர் மிஷோ என்ற கறுப்பின இயக்குநர் 1920-இல் வெளியிட்ட 'விதின் அவர் கேட்ஸ்'. முந்தைய கோடையில்தான் சிகாகோவில் இனக்கலவரம் நடந்து முடிந்திருந்தது. படத்தில் வரும் கும்பல் கொலைக் காட்சி மறுபடி கலவரத்தைத் தூண்டிவிடும் என்று தணிக்கையாளர்கள் அஞ்சினார்கள். பிறகு பல பத்தாண்டுகள் படமே தொலைந்துபோயிற்று. ஸ்பெயின் நாட்டின் திரைப்படக் காப்பகத்தில் வேறு பெயரில் கிடந்த ஒரே பிரதி 1970-களில் கண்டெடுக்கப்பட்டு, காட்சிகளுக்கிடையே வசனத்தைக் காட்டும் எழுத்தட்டைகளை ஸ்பானிய மொழியிலிருந்து மீண்டும் ஆங்கிலமாக்கி, 1993-இல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் அதைச் சீரமைத்தது. அமெரிக்காவில் எடுக்கப்பட்ட ஏறத்தாழ 11,000 மௌனக் கதைப்படங்களில் மூல வடிவத்தில் முழுமையாக எஞ்சியவை 14 விழுக்காடுதான் என்று அந்நூலகம் 2013-இல் வெளியிட்ட ஆய்வு சொல்கிறது. எஞ்சியதை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு காலத்தின் சமூகத்தைப் படிக்கிறோம் என்ற எச்சரிக்கையை இந்த வாரத்திலேயே கொடுத்தது நல்ல பாடத்திட்டத்தின் அடையாளம்.

பொருளாதாரப் பெருமந்த காலத்துக்கு இரண்டு வாரங்களை ஒதுக்கியிருந்தார்கள். படிப்பின் மிகச் சிறந்த பகுதிகளில் அது ஒன்று. 1932-இல் மெர்வின் லிராய் இயக்கிய 'ஐ ஆம் எ ஃபியூஜிட்டிவ் ஃப்ரம் எ செயின் கேங்', சங்கிலியால் பிணைத்து வேலைவாங்கப்பட்ட கைதியாக இருந்து தப்பிய ராபர்ட் பர்ன்ஸ் என்பவரின் தன்வரலாற்றிலிருந்து எடுக்கப்பட்டது. புத்தகத்தின் தலைப்பில் ஜார்ஜியா என்ற மாநிலப் பெயர் இருந்தது; படத்தின் தலைப்பில் அது இல்லை. எந்தச் சொல்லை எடுத்தார்கள், ஏன் எடுத்தார்கள் என்ற ஒரே கேள்வியிலிருந்து, தென் மாநிலங்களின் திரையரங்கு வருமானம், வழக்குப் பற்றிய அச்சம், மாநிலச் சிறைகள் கைதிகளின் உழைப்பை நம்பியிருந்த விதம் என ஒன்றன்பின் ஒன்றாக விரித்துச் சென்றார் பேராசிரியர். எப்படி வாழ்கிறாய் என்று காதலி கேட்க, திருடுகிறேன் என்று இருளுக்குள்ளிருந்து நாயகன் பால் முனியின் குரல் மட்டும் வரும் அந்தக் கடைசிக் காட்சிக்கு விளக்கமே தேவைப்படவில்லை.

அடுத்த வாரம் 'கோல்ட் டிக்கர்ஸ் ஆஃப் 1933'. ஆடல் பாடல் படம்தானே என்று அரைமனதோடு உட்கார்ந்தவன் நான். தொடக்கத்தில் நாணயங்களைக் கோத்த உடையில் ஜிஞ்சர் ராஜர்ஸ் நம்மிடம் பணம் கொட்டுகிறது என்று பாடுகிறார். நடுவிலேயே ஒத்திகை மேடைக்குள் கடன்காரர்களுக்காக ஜப்திக்கு வந்த ஆட்கள் நுழைந்து, உடைகளையும் அரங்கப் பொருள்களையும் அள்ளிச் செல்கிறார்கள். அவர் உடலில் இருக்கும் நாணயத்தையும் பிய்த்து எடுக்க ஒருவர் கை நீட்டுகிறார். இந்தப் படம் வெளியாவதற்குச் சில மாதங்களுக்கு முன், 1933 மார்ச்சில், ரூஸ்வெல்ட் பதவியேற்ற கையோடு நாட்டின் வங்கிகள் அனைத்தையும் சில நாள்கள் மூடிவைத்தார் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு அந்தக் காட்சியை மறுபடி பார்த்தால் சிரிப்பு வேறு மாதிரி வருகிறது. இறுதியில், உலகப் போரில் போரிட்டுத் திரும்பி இப்போது உணவுக்காக வரிசையில் நிற்கும் ஆண்களைப் பற்றிய பாடல். தெருவில் படுத்திருப்பவனை விரட்ட வரும் காவலரிடம், அவன் கோட்டு மடிப்பைத் திருப்பி உட்புறம் குத்தியிருக்கும் பதக்கத்தை ஜோன் பிளாண்டல் காட்டுகிறார். முந்தைய ஆண்டு கோடையில்தான், தங்களுக்கு உறுதியளிக்கப்பட்ட ஊக்கத்தொகையை உடனே கேட்டு வாஷிங்டனில் கூடாரமிட்டிருந்த சுமார் 20,000 முன்னாள் வீரர்களை, மெக்ஆர்தர் தலைமையில் ராணுவமே விரட்டியது. அதே பாடலின் ஒரு பகுதியை ஜன்னலோரம் நின்று பாடுபவர் எட்டா மோட்டன் என்ற கறுப்பினப் பாடகி. பெல்சோனியின் மாடி இருக்கையில் இருந்தவருக்கு அந்த ஜன்னல் எப்படித் தெரிந்திருக்கும் என்று ஒரு மாணவி கேட்டார். பேராசிரியர் பதில் சொல்லாமல் அதையே அடுத்த கட்டுரைக்கான தலைப்பாகக் கொடுத்துவிட்டார்.

இந்தப் படிப்பில் நான் மறக்க முடியாதது விரிவுரைகளைவிட அவர்கள் கொடுத்த ஒரு பயிற்சி. அக்காலத்துத் திரைத்தொழில் வார இதழ்களை 'மீடியா ஹிஸ்டரி டிஜிட்டல் லைப்ரரி' என்ற அமைப்பு வருடி இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. 'லாண்டர்ன்' என்ற தேடுபொறியில் படப்பெயரை இட்டால் பக்கங்கள் வரிசையாக வந்து நிற்கின்றன. அவற்றில் 'மோஷன் பிக்சர் ஹெரால்ட்' இதழில், இந்தப் படம் எனக்கு என்ன செய்தது என்ற பொருளில் ஒரு பகுதி வாராவாரம் வந்தது. சிற்றூர்த் திரையரங்கு உரிமையாளர்கள், தாங்கள் ஓட்டிய படத்துக்கு எத்தகைய கூட்டம் வந்தது, யார் பாதியில் எழுந்து போனார்கள், மழையா, அறுவடையா, எந்த நாள் ஓட்டினோம் என்பதையெல்லாம் சக உரிமையாளர்களுக்காக நாலைந்து வரியில் எழுதுவார்கள். முடிவில் அரங்கின் பெயரும், ஊரும், எத்தகைய பார்வையாளர்கள் என்ற குறிப்பும் இருக்கும். விமர்சகர்கள் கொண்டாடிய படத்தை ஒருவர் மூன்றே வரியில் தள்ளிவிடுவதையும், வரலாற்றில் பெயரே இல்லாத ஒரு மலிவான குதிரைவீரர் படத்தை இன்னொருவர் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடுவதையும் படிக்கப் படிக்க, செவ்வியல் என்ற பட்டம் எவ்வளவு பிற்காலத்தில், எத்தனை தொலைவிலிருந்து வந்தது என்பது விளங்குகிறது. ஒரே படத்துக்கு ஐந்து ஊர்களின் குறிப்புகளைச் சேகரித்து ஒப்பிட வேண்டும் என்பது பயிற்சி. இரண்டு மணி நேரத்தில் முடித்துவிடலாம் என்று தொடங்கி மூன்று இரவுகளைத் தொலைத்தேன். இந்தப் படிப்பில் சேராதவர்களும் இதைச் செய்யலாம்; ஒரு பைசா செலவில்லை.

என் கட்டுரையில், இந்தச் சிற்றூர் மக்கள் படத்தை விரும்பவில்லை என்று ஒரு வாக்கியம் எழுதியிருந்தேன். திருத்தி அனுப்பிய பிரதியில் மக்கள் என்ற சொல்லுக்குக் கீழே கோடு போட்டு, அரங்கு உரிமையாளர் யாரிடம் கேட்டார், மாடிக்கு ஏறிப் போய்க் கேட்டாரா என்று எழுதியிருந்தார்கள். இப்படி ஒவ்வொரு மாணவரின் கட்டுரையையும் வரிவரியாகப் படித்துத் திருத்தும் உழைப்புக்குத்தான் நாம் பணம் கொடுக்கிறோம் என்று சொல்வேன்.

தணிக்கை பற்றிய வாரங்களும் ஆவணங்களால்தான் நின்றன. 1930-இல் ஸ்டுடியோக்கள் தாங்களாகவே ஏற்றுக்கொண்ட, படத்தில் எதைக் காட்டலாம், எதைக் காட்டக்கூடாது என்ற தயாரிப்பு நெறிமுறை, நான்கு ஆண்டுகள் பெரும்பாலும் ஏட்டளவில்தான் இருந்தது. கத்தோலிக்க அமைப்புகளின் புறக்கணிப்பு மிரட்டலுக்குப் பிறகு, 1934 ஜூலை முதல் ஜோசஃப் பிரீனின் அலுவலகம் சான்றளிக்காத படத்தை வெளியிட்டால் 25,000 டாலர் அபராதம் என்று வந்ததும் நிலைமை மாறியது. வெள்ளையருக்கும் கறுப்பினத்தவருக்கும் இடையிலான உறவைக் காட்டக்கூடாது என்ற விதி அதில் எழுத்திலேயே இருந்தது. அதே 1934-இல் வந்த 'இமிடேஷன் ஆஃப் லைஃப்' படத்தில் வெள்ளையராகத் தோற்றமளிக்கும் கறுப்பினப் பெண் ஒருத்தி வருகிறாள். கதையில் யாரும் விதியை மீறவில்லை என்றாலும், அந்த நிறமே முந்தைய தலைமுறையில் நடந்த ஒன்றுக்குச் சாட்சி சொல்கிறது என்பதுதான் பிரீன் அலுவலகத்தின் கவலை. அந்த வேடத்தில் ஃப்ரெடி வாஷிங்டன் என்ற கறுப்பின நடிகை நடித்தார். 1959-இல் டக்ளஸ் சர்க் அதே கதையை மறுபடி எடுத்தபோது அந்த வேடம் கறுப்பினத்தவர் அல்லாத ஒருவருக்குப் போயிற்று. இருபத்தைந்து ஆண்டுகளில் எல்லாமே முன்னேறிக்கொண்டு போகும் என்று நம்புபவர்கள் இந்த இரண்டு படங்களையும் அடுத்தடுத்துப் பார்க்க வேண்டும்.

சீனக் கதையான 'தி குட் எர்த்' படத்தில் முதன்மை வேடத்துக்குச் சீன அமெரிக்க நடிகை ஆனா மே வாங்கைத் தேர்ந்தெடுக்காததையும் இதே வாரத்தில் பேசியிருக்கலாம். சீனக் கணவன் வேடத்தில் பால் முனியைப் போட்டுவிட்டதால் அவருக்கு ஜோடியாக ஒரு சீன அமெரிக்க நடிகையைப் போட நெறிமுறை தடையாக நின்றது. வேடம் லூயிஸ் ரெய்னருக்குப் போய், ஆஸ்கர் விருதும் கிடைத்தது. சீனர்கள் குடியேறுவதைத் தடுத்த சட்டம் 1882 முதல் 1943 வரை நடைமுறையில் இருந்த நாட்டின் கதை இது. இதற்கு ஐந்து நிமிடம்தான் ஒதுக்கினார்கள். பூர்வகுடி மக்களைப் பற்றியோ கேட்கவே வேண்டாம். குதிரைவீரர் படங்களைப் பற்றிய ஒரு முழு வாரத்தில், படப்பிடிப்பில் வேலைசெய்த நவஹோ மக்களைப் பற்றி ஒரே ஒரு வரி. இனம் என்றாலே கறுப்பு வெள்ளை என்று எடுத்துக்கொண்ட பாடத்திட்டம் என்பது என் இரண்டாவது பெரிய மனக்குறை.

'கான் வித் தி விண்ட்' வாரத்தில் படத்தைவிட அதன் வெளியீட்டு விழாவைத்தான் பாடமாக்கினார்கள். 1939 டிசம்பர் 15 அன்று அட்லாண்டாவில் நடந்த விழாவுக்கு, ஜார்ஜியாவின் நிறப்பிரிவினைச் சட்டங்களால், படத்தில் பணிப்பெண்ணாக நடித்த ஹாட்டி மெக்டேனியல் வர முடியவில்லை. இரண்டரை மாதம் கழித்து லாஸ் ஏஞ்சலஸில் ஆஸ்கர் விருது பெற்ற முதல் கறுப்பினக் கலைஞர் ஆனபோது, அந்த ஓட்டலின் அரங்கில் அவருக்குச் சக நடிகர்களோடு இடமில்லை. ஓரமாகத் தனி மேசை. மிசிசிப்பியின் படிக்கட்டுக்கும் கலிஃபோர்னியாவின் மேசைக்கும் இடையே உள்ள தூரத்தை அளந்து பாருங்கள் என்று மட்டும் சொல்லி வகுப்பை முடித்தார் பேராசிரியர். அன்று அதிகாலை கணினியை மூடியபின் வெகுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

படிப்பின் உச்சம் எட்டாம் வாரம், வில்லியம் வைலரின் 'தி பெஸ்ட் இயர்ஸ் ஆஃப் அவர் லைவ்ஸ்'. 1946-இல் வந்த, ஏறத்தாழ மூன்று மணி நேரம் ஓடும் படம். போரிலிருந்து ஒரே ஊருக்குத் திரும்பும் மூவர்: வங்கி அதிகாரி ஆல், குண்டுவீச்சு விமானத்தில் கேப்டனாக இருந்து மறுபடி மருந்துக் கடையில் குளிர்பானம் ஊற்றப் போகும் ஃப்ரெட், இரண்டு கைகளையும் இழந்து இரும்புக் கொக்கிகளோடு வரும் ஹோமர். ஹோமராக நடித்த ஹெரால்ட் ரஸ்ஸல், 1944-இல் ராணுவப் பயிற்சியின்போது நடந்த வெடிவிபத்தில் உண்மையிலேயே கைகளை இழந்தவர். வகுப்பில் ஒரே ஒரு காட்சியை நாற்பது நிமிடம் பார்த்தோம். மதுக்கடையில், முன்புறம் ஹோமர் தன் கொக்கிகளால் பியானோ வாசிக்கிறான். பக்கத்தில் நின்று ஆல் பார்க்கிறான். வெகு தொலைவில், சட்டகத்தின் மூலையில், கையளவே தெரியும் தொலைபேசிக் கூண்டுக்குள் ஃப்ரெட், ஆலின் மகளிடம் உறவை முறித்துப் பேசிக்கொண்டிருக்கிறான். கிரெக் டோலண்டின் ஒளிப்பதிவில் முன்னும் பின்னும் ஒரே துல்லியம். வசனமும் இசையும் முன்னால் நடக்க, கதை பின்னால் நடக்கிறது. ஆலின் கண் இங்கும் அங்கும் போய் வருவதைப்போல நம் கண்ணும் தவிக்கிறது. எதைப் பார்ப்பது என்பதை இயக்குநர் வெட்டிக் காட்டாமல் நம்மிடம் விட்டிருக்கிறார் என்பது திரைக்கல்வியில் வழக்கமாகச் சொல்வதுதான். பேராசிரியர் அதோடு நிற்காமல், இப்படி மூவரையும் ஒரே சட்டகத்தில் வைக்க வேண்டிய தேவை அந்த ஆண்டில் ஏன் வந்தது என்று கேட்டார். வெவ்வேறு வர்க்கத்தவரைப் போர் ஒரே சீருடையில் நிறுத்தியிருந்தது. திரும்பி வந்ததும் அவரவர் பழைய தட்டுக்கு இறக்கப்படுகிறார்கள். அவர்கள் ஒன்றாகத் தெரியக்கூடிய கடைசி இடம் அந்த மதுக்கடை.

அங்கிருந்து வங்கிக் காட்சிக்குப் போனார். ஈடு வைக்க எதுவுமில்லாத முன்னாள் வீரர் ஒருவர் நிலம் வாங்கக் கடன் கேட்டு வர, ஆல் தயங்கிவிட்டுக் கொடுக்கிறான். 1944-இல் வந்த வீரர் மறுவாழ்வுச் சட்டம்தான் அந்தக் காட்சியின் பின்புலம். அதே சட்டத்தின் கீழ், 1947-இல் மிசிசிப்பி நகரங்களில் வழங்கப்பட்ட 3,229 கடன்களில் கறுப்பின வீரர்களுக்குக் கிடைத்தவை இரண்டு. இந்த எண்ணைத் திரையில் காட்டியபோது யாரும் பேசவில்லை. படத்தைக் குறைசொல்வதற்காக அதைக் காட்டவில்லை. அவ்வளவு அக்கறையோடு எடுத்த படத்தின் சட்டகத்துக்கு வெளியே யார் நின்றார்கள் என்பதைக் காட்டத்தான். அடுத்த நாள் படத்தை மறுபடி பார்த்தேன். அதன்மீது இருந்த அன்பு எனக்குக் குறையவில்லை.

இவ்வளவு நுட்பமாக நடத்தியவர்கள் பனிப்போர் வாரங்களில் சறுக்கினார்கள் என்பதுதான் வருத்தம். திரைத்துறையில் கம்யூனிஸ்டுகளைத் தேடி நாடாளுமன்றக் குழு நடத்திய 1947 அக்டோபர் விசாரணை, அதில் பதில் சொல்ல மறுத்துச் சிறைசென்ற ஹாலிவுட் பத்துப்பேர், சந்தேகத்துக்குள்ளானவர்களுக்கு ஸ்டுடியோக்கள் வேலை மறுத்த கறுப்புப் பட்டியல் ஆகிய வரலாற்றை விருந்தினராக வந்த வேறொரு பேராசிரியர் நன்றாகவே சொன்னார். ஆனால் படங்களுக்கு வந்ததும் ஒவ்வொன்றையும் ஒரு விடுகதையாக்கி, இது இதற்குக் குறியீடு என்று விடை சொல்லிக்கொண்டே போனார். 'ஹை நூன்' படத்தில் ஊரே கைவிட்ட தலைமைக் காவலர் என்றால் அது விசாரணைக்கு அஞ்சி நண்பர்களைக் கைவிட்ட ஹாலிவுட், முடிந்தது பாடம். கதாசிரியர் கார்ல் ஃபோர்மன் அந்த எண்ணத்தோடு எழுதினார் என்பதும், படம் தயாராகும்போதே 1951-இல் விசாரணைக்கு அழைக்கப்பட்டு, யார் பெயரையும் சொல்ல மறுத்து, நாட்டைவிட்டு வெளியேறினார் என்பதும் உண்மை. ஆனால் அந்தக் காவலராக நடித்த கேரி கூப்பர், 1947-இல் விசாரணைக் குழுவுக்கு இணக்கமான சாட்சியாகப் போய் நின்றவர். பின்னர் ஃபோர்மனுக்கு ஆதரவாகவும் பேசியவர். 1989 ஜூன் தேர்தலில் போலந்தின் சாலிடாரிட்டி தொழிற்சங்கம், கம்யூனிஸ்ட் அரசுக்கு எதிராக, இதே கூப்பரின் படத்தைத்தான் சுவரொட்டியில் போட்டது. எழுதியவர் ஒன்று நினைக்க, நடித்தவர் வேறொன்றாக இருக்க, நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகு பார்த்தவர்கள் முற்றிலும் எதிரான ஒன்றுக்கு அதை எடுத்துக்கொண்டார்கள் என்றால், பேச வேண்டியது அந்த நழுவலைப் பற்றித்தான். முதல் வகுப்பில் கேட்ட கேள்வி இங்கேதான் அதிகம் தேவைப்பட்டது; இங்கேதான் அது காணாமற்போனது. பார்வையாளரே இல்லாத வெற்று அரங்கில் ஓடும் படத்தைப்போல அந்த இரண்டு வாரமும் கழிந்தன.

அடுத்த வாரம் 'சால்ட் ஆஃப் தி எர்த்' வந்து ஓரளவு ஈடுசெய்தது. கறுப்புப் பட்டியலில் இருந்தவர்களே சேர்ந்து எடுத்து 1954-இல் வெளியான படம். நியூ மெக்ஸிகோவின் துத்தநாகச் சுரங்க வேலைநிறுத்தத்தில், மறியல் செய்ய ஆண்களுக்கு நீதிமன்றம் தடை விதித்ததும் அவர்களுடைய மனைவிமார் மறியல் வரிசையில் இறங்கிய உண்மை நிகழ்வு அது. போராடிய தொழிலாளர்களும் குடும்பத்தினருமே நடித்தார்கள். குழாயில் வெந்நீர் வேண்டும் என்ற கோரிக்கையை ஆண்கள் பட்டியலின் கீழே தள்ளுவதும், பிறகு துணி துவைக்கும் வேலை தங்கள் தலையில் விழுந்தபின் அதன் அருமை அவர்களுக்குப் புரிவதும் இன்றும் சிரிக்கவைக்கிறது. நாயகி ரொசௌரா ரெவுவெல்டாஸ் படப்பிடிப்பு முடிவதற்குள் கைதாகி மெக்ஸிகோவுக்கு அனுப்பப்பட்டார். படத்தை ஓட்டத் திரையரங்கு ஆபரேட்டர்களின் சங்கம் மறுத்தது. பெரிய ஸ்டுடியோக்கள் ஐந்தும் தங்கள் அரங்குகளைக் கைவிட வேண்டும் என்ற வகையில் உச்ச நீதிமன்றம் 1948-இலேயே தீர்ப்பளித்திருந்தும், ஓர் அரங்கு கிடைப்பது எவ்வளவு அரிது என்பதை இந்தப் படத்தை வைத்தே விளக்கியது பொருத்தம்.

நம் பக்கத்துக் கடலோரத்தைத் தொடும் ஒரு செய்தியையும் அந்த வாரத்தில் கேட்டேன். இலங்கையின் கித்துல்கலவில் எடுக்கப்பட்ட 'தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் குவாய்' படத்தின் திரைக்கதையை எழுதியவர்கள், பட்டியலில் இருந்த அதே ஃபோர்மனும் மைக்கேல் வில்சனும். பெயர் போட முடியாததால் ஆஸ்கர் விருது, ஆங்கிலத்தில் எழுதாத பிரெஞ்சு நாவலாசிரியருக்குப் போயிற்று. 1984-இல்தான் விருது வழங்கும் அகாதமி அதைத் திருத்தியது. அதற்குள் இருவருமே இறந்துவிட்டார்கள்.

யாருக்கு இது ஏற்றது என்று கேட்டால், பழைய படங்களை ஓரளவு ஏற்கெனவே பார்த்திருப்பவர்களுக்கு என்பேன். படங்களைப் புதிதாக அறிமுகம் செய்துகொள்ள விரும்புபவர்களுக்கு இவ்வளவு செலவு தேவையில்லை. ஆங்கில உரையாடல் வேகமாகப் போகும். நேரடி வகுப்பில் எழுத்து வடிவம் ஓடினாலும் பெயர்களையெல்லாம் தாறுமாறாக்கிவிடும் என்பதால் பதிவை மறுபடி கேட்க வேண்டியிருக்கும். வாரத்துக்கு அறுபது எழுபது பக்க வாசிப்பு உண்டு. அதில் பாதியாவது படிக்காமல் போனால் வகுப்பில் தொடர முடியாது. சேர்வதற்கு முன், எந்தெந்தப் படங்களை இந்தியாவிலிருந்து பார்க்க முடியும் என்ற பட்டியலை எழுத்து மூலம் கேட்டு வாங்குங்கள். கட்டுரைகளைத் திருத்துவது பேராசிரியரா உதவியாளரா, விருந்தினர் வகுப்புகள் எத்தனை என்பதையும் கேளுங்கள்.

இதே பேராசிரியர் பிப்ரவரியில் மௌனப் படங்களைப் பற்றி மட்டும் எட்டு வாரம் நடத்துகிறார். விருந்தினர் வகுப்பு ஒன்றும் இல்லை என்று உறுதிசெய்துகொண்டு பணம் கட்டிவிட்டேன். பட்டியலில் உள்ளவற்றில் பெரும்பாலானவை பதிப்புரிமை காலாவதியானவை என்பதால் இம்முறை டிவிடிகளைத் தேடி அலையும் வேலையும் இருக்காது.